உப்பு பட்டால் அணையும் நீலம்: தண்ணீரில் குளோரைடை அளக்கும் ஒளிர்சாய ஜெல் செய்வது எப்படி

பெரிய கடைகளில் டானிக் வாட்டர் என்று ஒரு கசப்பு சோடா கிடைக்கும். ஒரு பாட்டில் வாங்கி வந்து, விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை அதன் மேல் காட்டுங்கள். தண்ணீர் நீலமாக ஒளிரும். சோடாவில் கசப்புக்காகச் சேர்த்த குயினைன்தான் காரணம். இனி மூன்று டம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி சாப்பாட்டு உப்பு, இன்னொன்றில் அதே அளவு சர்க்கரை, மூன்றாவதில் எதுவும் வேண்டாம். கலக்கிவிட்டு மறுபடி விளக்கைக் காட்டினால், உப்பு போட்ட டம்ளரில் மட்டும் நீலம் ஏறக்குறைய அணைந்திருக்கும். சர்க்கரைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

தண்ணீரில் உள்ள ஹாலைடு அயனிகளை (குளோரைடு, புரோமைடு, அயோடைடு, ஃபுளோரைடு) ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கும் சென்சார்களில் ஒரு பெரிய குடும்பமே இந்த டம்ளரிலிருந்து கிளம்பியதுதான். குயினைன் மாதிரி ஒளிரும் சாயத்தை ஒரு பாலிமருக்குள் பிடித்து வைத்து, தண்ணீரில் நனைத்து, எவ்வளவு மங்கியது என்று பார்ப்பார்கள். கல்லூரி புராஜெக்டுக்காகவோ ஆர்வத்துக்காகவோ இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. பத்தாம் வகுப்பு வேதியியல் ஞாபகம் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே கருவிக்குத் தெரிவது குறைந்துபோன ஒளி மட்டும்தான். குளோரைடு அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஒளியைக் குறைக்கும் எதுவும் குளோரைடு வேஷம் போட்டுக்கொண்டு வரும். கீழே வரும் வேலைகளில் பாதி, அந்த வேஷதாரிகளைப் பிடிப்பதற்கானவை.

எப்படி அணைகிறது

புற ஊதாவை விழுங்கிய குயினைன் மூலக்கூறு, சக்தியை நீல ஒளியாக உமிழும் வரை சுமார் 20 நானோநொடி காத்திருக்கும். நமக்கு அது ஒன்றுமில்லாத நேரம். தண்ணீரில் அலையும் அயனிக்கு, ஓடி வந்து மோதப் போதுமான நேரம். மோதினால் சக்தி ஒளியாகாமல் வெப்பமாகிப் போய்விடும். உப்பு கூடக்கூட மோதலும் கூடும், ஒளி மங்கும். சாயம் கெடுவதில்லை. உப்பைக் கழுவிவிட்டால் மறுபடி ஒளிரும். திரும்பத் திரும்பப் பயன்படும் சென்சாராக இது ஆக முடிவது அதனால்தான்.

எல்லா ஹாலைடுகளுக்கும் ஒரே பலம் கிடையாது. அயோடைடு முரட்டுத்தனமாக அணைக்கும், புரோமைடு அதற்கு அடுத்து, குளோரைடு அதற்கும் கீழே. ஃபுளோரைடு அநேகமாக எதுவுமே செய்யாது. இதைத் தெரியாமல் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் கறை படிகிறது, அதற்கு ஒரு சென்சார் செய்யலாம் என்று மாணவர்கள் உற்சாகமாக வருவார்கள். நல்ல நோக்கம், ஆனால் இந்த வழி அங்கே போகாது. ஃபுளோரைடுக்கு சிலிக்கான் மீதும் போரான் மீதும் உள்ள மோகத்தைப் பயன்படுத்தும் சாயங்கள் தனியாக இருக்கின்றன. அது வேறு வேலை.

அயோடைடும் புரோமைடும் சாதாரணத் தண்ணீரில் மிகக் குறைவு. கடல்நீரிலேயே ஒரு லிட்டருக்குக் குளோரைடு 19,000 மில்லிகிராம் என்றால் புரோமைடு 67 மில்லிகிராம் அளவுதான். ஆக, ஹாலைடு சென்சார் என்று பெயர் வைத்தாலும் கிணற்று நீரில் நாம் அளக்கப்போவது குளோரைடைத்தான். அதற்கும் தேவை இருக்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது பழைய கதை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1,000 வரை போகலாம் என்றும் சொல்கிறது. நல்லவேளையாக, குயினைன் நன்றாக வேலை செய்யும் எல்லையும் இதுவேதான்.

வாங்க வேண்டியவை

விளக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். ஊதா நிறத்தில் பளிச்சென்று எரியும் மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். குயினைன் விரும்பி விழுங்குவது 350 பக்கம். 365 என்று அச்சிட்ட டார்ச்சைக் கேட்டு வாங்குங்கள். அதை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீர், 0.01 கிராம் காட்டும் தராசு, ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சுகள், ஒரே மாதிரியான சிறு கண்ணாடிக் குப்பிகள், கறுப்பு சார்ட் பேப்பர். வெள்ளைத் தாளும் சோப்புப் பவுடரில் துவைத்த வெள்ளைத் துணியும் அவற்றில் உள்ள வெளுப்புச் சாயத்தால் தாமே நீலமாக ஒளிரும். முதல் தடவை நான் வெள்ளைத் தாளின் மேல் குப்பிகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தேன். உப்பு போட்ட குப்பியும் போடாத குப்பியும் ஒரே மாதிரி ஜொலித்தன. தாளைத்தான் படம் எடுத்திருக்கிறேன் என்று புரிய ஒரு சாயங்காலம் ஆனது.

முதலில் கரைசலில் பழகுங்கள்

பாலிமருக்கு அவசரம் வேண்டாம். கரைசலில் எண் சரியாக வராதவருக்கு ஜெல்லிலும் வராது.

டானிக் வாட்டரைத் திறந்து ஓர் இரவு வையுங்கள்; வாயு போகட்டும். குமிழி இருந்தால் ஒளி சிதறும். குயினைன் நன்றாக ஒளிர அமிலம் வேண்டும். எனவே ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, 0.1 மோலார் கந்தக அமிலம் தயார் செய்யுங்கள். அடர் அமிலம் சுமார் 5.5 மி.லி. எடுத்து நிறையத் தண்ணீருக்குள் மெல்ல ஊற்றி ஒரு லிட்டராக்கினால் ஆயிற்று. எப்போதும் தண்ணீருக்குள் அமிலம், அமிலத்துக்குள் தண்ணீர் கிடையாது. இந்த அமிலம் 95 மி.லி., வாயு போன டானிக் வாட்டர் 5 மி.லி. கலந்தால் சாயக் கரைசல் ரெடி. இவ்வளவு நீர்க்கச் செய்வது ஏன் என்றால், சாயம் கெட்டியாக இருந்தால் விளக்குக்குப் பக்கத்தில் உள்ள தோல் மட்டும் ஒளிரும், உள்ளே வெளிச்சமே போகாது.

கந்தக அமிலம் இல்லை, ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் அலமாரியில் இருக்கிறது என்று அதை ஊற்றிவிடாதீர்கள். அதில் இருப்பதே குளோரைடு! அளக்கவேண்டிய பொருளை நீங்களே கொட்டியதாகிவிடும். சொல்லப்போனால் இந்தத் துறையின் பிறப்பே அந்த ஊற்றலில்தான் இருக்கிறது. ஒளிர்வுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்த ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர், கந்தக அமிலத்தில் நீலமாக ஒளிரும் குயினைன், ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் மங்குவதை 1869-இல் எழுதி வைத்தார். அவருக்கு அது கண்டுபிடிப்பு. நமக்கு நடந்தால் ஒரு நாள் வீண்.

அடுத்து, அளவு தெரிந்த உப்பு நீர்கள். 1.648 கிராம் சோடியம் குளோரைடை வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் குளோரைடு சரியாக 1,000 மில்லிகிராம். ஆய்வக உப்பு நல்லது. தூள் உப்பில் கட்டி தட்டாமல் இருக்கவும் அயோடினுக்காகவும் வேறு சிலவற்றைச் சேர்த்திருப்பார்கள், ஈரமும் இருக்கும். இதிலிருந்து நீர் சேர்த்து 500, 250, 100 செய்துகொள்ளுங்கள். வெறும் வடித்த நீர்தான் பூஜ்யம். ஒவ்வொரு குப்பியிலும் சாயக் கரைசல் 5 மி.லி., உப்பு நீர் 5 மி.லி. கலக்குங்கள், கால் மணி நேரம் ஒரே மேசையில் விடுங்கள். வெப்பம் கூடினால் அயனிகள் வேகமாக ஓடி மோதல் கூடும் என்பதால், எல்லாக் குப்பிகளும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரியை நேராக ஊற்றாதீர்கள்.

போனால் அளப்பது

போன் கேமரா நமக்கு நல்ல படம் கொடுக்கவே பிறந்தது. மங்கியதைப் பார்த்ததும் தானாக வெளிச்சம் ஏற்றிவிடும். அந்த உதவி இங்கே துரோகம். புரோ மோடுக்குப் போய் ஷட்டர், ஐ.எஸ்.ஓ., வொயிட் பேலன்ஸ், ஃபோகஸ் நான்கையும் பூட்டுங்கள். அட்டைப் பெட்டியை உள்ளே கறுப்பாக்கி, விளக்குக்கு ஓர் ஓட்டை, அதற்குச் செங்கோணத்தில் கேமராவுக்கு ஓர் ஓட்டை போடுங்கள். விளக்கு நேராகக் கேமராவுக்குள் விழக் கூடாது. ஒரு குப்பியை எடுத்து அடுத்ததை வைக்கும்போது அதே இடத்தில் உட்கார, அடியில் பாட்டில் மூடியை ஒட்டி ஒரு வளையம் செய்துகொள்ளலாம். படத்தில் குப்பியின் நடுவில் ஒரு சதுரம் எடுத்து, நீல எண்ணின் சராசரியைப் பாருங்கள். இலவசப் பட மென்பொருள்களே இதைச் செய்யும். போன் திருத்தாத ரா வடிவத்தில் படம் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. சாதாரணப் படத்தில் எண் இரட்டிப்பானால் ஒளியும் இரட்டிப்பு என்று அர்த்தமில்லை, போன் அதை வளைத்து வைத்திருக்கும்.

கணக்கு எளிது. ஓட்டோ ஸ்டெர்ன், மாக்ஸ் வோல்மர் என்ற இரு விஞ்ஞானிகள் 1919-இல் கொடுத்த வழி: உப்பில்லாத குப்பியின் ஒளியை உப்புள்ள குப்பியின் ஒளியால் வகுத்து, 1-ஐக் கழியுங்கள். கிடைக்கும் எண் குளோரைடின் அளவுக்கு நேர் விகிதத்தில் ஏறும். உதாரணத்துக்கு, 500 மில்லிகிராம் குப்பிக்கு 0.7 வந்தது என்று வையுங்கள். உங்கள் கிணற்று நீரில் பூஜ்யக் குப்பி 200, மாதிரி 125 என்றால், வகுத்தால் 1.6, கழித்தால் 0.6. ஆக 0.6-ஐ 0.7-ஆல் வகுத்து 500-ஆல் பெருக்கினால் சுமார் 430 மில்லிகிராம். ஒரே ஒரு குப்பியை நம்பாமல் எல்லா அளவுகளையும் வரைபடத்தாளில் புள்ளி வைத்து, கோடு நேராக வருகிறதா பாருங்கள். வளைந்தால் பெரும்பாலும் போன் செய்த வேலை. அப்போது வளைந்த கோட்டையே வைத்து இடைப்பட்ட அளவைப் படிக்கலாம், ஆனால் கடைசிப் புள்ளிக்கு அப்பால் ஊகித்து நீட்டக் கூடாது.

வேஷதாரிகள்

வடித்த நீரில் அழகாக வந்த கோடு, உண்மையான கிணற்று நீரில் ஏமாற்றும். கிணற்று நீரில் பைகார்பனேட் நிறைய இருக்கும். அது அமிலத்தைத் தின்றுவிட்டால் குயினைன் தானாகவே மங்கும். ஒரு டம்ளர் டானிக் வாட்டரில் சமையல் சோடா போட்டுப் பாருங்கள், புரியும். 0.1 மோலார் அமிலம் எடுத்தது இந்தப் பயத்தால்தான். அது வழக்கமான பைகார்பனேட்டைச் சமாளித்துவிடும். சல்ஃபேட்டும் நைட்ரேட்டும் தொந்தரவு செய்வதில்லை.

நிறம்தான் இன்னொரு வில்லன். இரும்புக் கறை, மக்கிய இலைச்சாறு இவற்றால் மஞ்சள் தட்டிய நீர், விளக்கின் புற ஊதாவையே வழியில் குடித்துவிடும். போதாக்குறைக்கு இலைச்சாறு கொஞ்சம் தானும் நீலமாக ஒளிரும். எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் சாயம் இல்லாமல், அமிலத்தோடு மட்டும் ஒரு குப்பி வைத்து அதன் ஒளியைக் கழியுங்கள். அதோடு ஒரு சோதனை: மாதிரியில் அளவு தெரிந்த உப்பை நீங்களே சேருங்கள். 100 சேர்த்தால் பதிலும் ஏறக்குறைய 100 கூட வேண்டும். 60-தான் கூடுகிறது என்றால் அந்த நீரில் ஏதோ ஒன்று விளையாடுகிறது. பத்து மாதிரிகளை அளந்து வருவதைவிட, இந்த ஒரு சோதனையைச் செய்து வரும் மாணவரை நான் அதிகம் நம்புவேன்.

இனி பாலிமர்

எந்தப் பாலிமர் என்பதை மோதல்தான் தீர்மானிக்கிறது. குளோரைடு உள்ளே நுழைந்து, சாயத்திடம் ஓடி வர வேண்டும். பாலிஸ்டைரீன், பி.வி.சி., அக்ரிலிக் மாதிரியான கெட்டிப் பிளாஸ்டிக்குகளில் சாயத்தைப் போட்டால் ஜோராக ஒளிரும், உப்பு நீரில் முக்கினாலும் ஜோராகவே ஒளிரும். தண்ணீரை வெறுக்கும் பிளாஸ்டிக்குக்குள் அயனி எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆகவே நமக்கு வேண்டியது ஹைட்ரோஜெல், அதாவது உடம்பெல்லாம் தண்ணீராக இருக்கும் பாலிமர் வலை.

மலிவானது மளிகைக் கடையில் இருக்கிறது: கடல்பாசி, சைனா கிராஸ் என்று விற்கும் அகர் அகர். 1.5 கிராம் பொடியை 80 மி.லி. வடித்த நீரில் தெளியும் வரை கொதிக்க விடுங்கள். 60 பாகை வரை ஆறியதும், வெதுவெதுப்பாக்கிய, வாயு போன டானிக் வாட்டர் 20 மி.லி., சிட்ரிக் அமிலம் 1 கிராம் சேருங்கள். சிட்ரிக் அமிலத்தைக் கடைக்காரர் எலுமிச்சை உப்பு என்பார். பயப்பட வேண்டாம், அந்த உப்பில் குளோரைடு இல்லை. இங்கே கந்தக அமிலத்தைத் தவிர்த்ததற்கும், அமிலத்தோடு சேர்த்து அகரைக் கொதிக்க வைக்காததற்கும் காரணம் ஒன்றுதான்: அமிலமும் சூடும் சேர்ந்தால் அகரின் சங்கிலி அறுந்து, ஜெல் இறுகாமல் கஞ்சியாகிவிடும்.

இரண்டரை செ.மீ. அகலமுள்ள கறுப்பு மூடிகளில் தலா 1 மி.லி. ஊற்றினால் சுமார் 2 மி.மீ. தடிமனில் வட்டுகள் இறுகும். ஒவ்வொன்றின் மேலும் உப்பு நீரோ மாதிரியோ 1 மி.லி. விட்டு, காயாமல் மூடி வைத்து, 40 நிமிடம் கழித்து மேலிருந்து படம் எடுங்கள். ஏன் இவ்வளவு நேரம்? அயனி ஊடுருவும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 மி.மீ.-க்கு அரை மணிக்கு மேல் என்றால், 1 மி.மீ.-க்கு அதில் கால் பங்கு போதும். சென்சார் மெதுவாக இருக்கிறது என்று சாயத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், ஜெல்லை மெலிதாக ஊற்றிப் பார்க்கலாம்.

ஜெல்லுக்குப் போகிறவர்களை ரகசியமாகக் கவிழ்ப்பது செய்முறையில் ஒளிந்திருக்கும் குளோரைடு. இணையத்தில் ஆல்ஜினேட் என்ற இன்னொரு கடல்பாசிப் பொருளில் ஜெல் மணிகள் செய்யும் முறை கிடைக்கும். அதில் இறுக வைப்பது கால்சியம் குளோரைடு. அதற்குப் பதில் கால்சியம் லாக்டேட் போடுங்கள். பாலிவினைல் ஆல்கஹால் என்ற நீரில் கரையும் பாலிமரை குளுட்டரால்டிஹைடால் பின்னும் முறையில், துணைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும். அதைவிட எளிய வழி, பத்து சதவீதப் பாலிவினைல் ஆல்கஹாலைச் சூட்டில் கரைத்து ஆற வைத்து, ஃபிரீசரில் ஓர் இரவு உறைய வைத்து, வெளியே எடுத்து இளக விடுவது. இப்படி மூன்று சுற்று முடிந்தால் எந்த ரசாயனமும் இல்லாமல் ரப்பர் மாதிரி ஜெல் வரும். கொஞ்சம் பால் நிறமாக இருக்கும், மேலிருந்து படம் எடுக்க அது தடையில்லை.

கசிவு

இப்போது அந்த வட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் அரை நாள் போட்டு எடுங்கள். ஒளி பாதியாகக்கூட இறங்கியிருக்கும், தண்ணீர் நீலமாக ஒளிரும். குளோரைடு நுழையும் அதே கதவு வழியாகக் குயினைன் வெளியே போகிறது. மூடிக்குள் 1 மி.லி. நீரோடு அளந்தவரை இது பெரிதாகத் தெரியாது, கசிந்த சாயமும் அங்கேயே ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஓடும் நீரில் வைக்கும் சென்சாருக்கு இது மரணம். அகர் வட்டை ஒரு தடவைப் பொருளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவை நிறுத்த முதலில் தோன்றும் யோசனை: சாயம் நேர் மின்னூட்டம், எனவே எதிர் மின்னூட்டமுள்ள பாலிமரில் ஒட்ட வைக்கலாம். ஒட்டும். ஆனால் குளோரைடும் எதிர் மின்னூட்டம்தானே, அந்த பாலிமர் அதை வாசலிலேயே தள்ளிவிடும். கசியாத, ஆனால் குருடான சென்சார் கிடைக்கும். முறையான வழி, சாய மூலக்கூறில் ஓர் இரட்டைப் பிணைப்பு வைத்து, ஜெல்லைப் பாலிமராக்கும்போதே சங்கிலியில் ஒரு கண்ணியாக அதைக் கோத்துவிடுவது. குயினைனில் பிறவியிலேயே அப்படி ஓர் இரட்டைப் பிணைப்புள்ள வினைல் குழு இருக்கிறது என்பது வசதி. கூட்டாளியாக அக்ரிலமைடைப் பலர் எடுப்பார்கள். ஜெல்லாக மாறிய பிறகு அது சாது, அதற்கு முன் நரம்பு நஞ்சு; வீட்டில் தொடவே கூடாது. மென்மையான கான்டாக்ட் லென்ஸ் செய்யும் ஹைட்ராக்சிஎத்தில் மெத்தக்ரிலேட் இன்னொரு தேர்வு. அதில் தண்ணீர் குறைவு என்பதால் மோதலும் குறையும், கோட்டின் சரிவும் குறையும்.

அந்தச் சரிவை ஏற்ற வேண்டுமானால் சாயத்தை மாற்றலாம். உயிரணுக்களுக்குள் குளோரைடு பார்க்கப் பயன்படும் எஸ்.பி.க்யூ. சாயத்தின் ஸ்டெர்ன்–வோல்மர் மாறிலி, அதாவது அந்தச் சரிவின் எண், தண்ணீரில் மோலாருக்கு 118, எம்.க்யூ.ஏ.இ. சாயத்துக்கு 200, பச்சையாக ஒளிரும் லூசிஜெனினுக்கு 390 பக்கம். எண் பெரிதானால் குறைந்த உப்பிலேயே அதிகம் அணையும். பெரியதுதான் சிறந்தது என்று எடுத்துவிட வேண்டாம். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் குளோரைடு உள்ள நீரை நீர்க்கச் செய்யாமல் லூசிஜெனினில் அளந்தால், மிஞ்சுவது பன்னிரண்டில் ஒரு பங்கு ஒளி. போன் கேமராவுக்கு அது இருட்டு.

எந்த ஜெல்லைச் செய்தாலும், முதல் ஐந்தாறு கிணற்று மாதிரிகளைக் கல்லூரி ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட்டால் டைட்ரேட் செய்து ஒப்பிடுங்கள். பொட்டாசியம் குரோமேட் மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் தட்டும் அந்த முறை, மோர் (Mohr) என்ற வேதியியலாளருடையது, 1850-களிலிருந்து இதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கு அமிலம் ஆகாது. ஆகவே சாயம் கலப்பதற்கு முன்பே மாதிரியில் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.